அம்மம்மா காய்ச்சிய அந்தக் கூழை எப்படித் தேடிப் பிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கேட்டவரின் ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறைப் பக்கம். 1990இல் சிறு பிள்ளையாக இடம்பெயர்ந்து, பிறகு கனடா போனவர். அம்மம்மா வீட்டு முற்றத்தில் கல்லடுப்பு மூட்டி, மாமாமார் எல்லாரும் கூடி நிற்க, பெரிய பானையில் காய்ச்சிய ஒன்று அவருக்கு ஞாபகம் இருக்கிறது. தடிப்பாக, செம்மண் நிறத்தில், நல்ல உறைப்பும் புளிப்புமாக இருந்ததாம். உள்ளே நண்டுக்கால், மீன், "கொட்டை மாதிரி மாப்பிடிப்பான ஏதோ ஒன்று", குடித்து முடிய நாக்கில் ஒரு மெல்லிய கைப்பு. பச்சை ஓலையை மடித்து அதில் ஊற்றித் தந்தார்களாம். அம்மா காலமாகிவிட்டார். மிச்சமிருக்கிற பெரியம்மாவிடம் கேட்டால் "இருக்கிறதெல்லாத்தையும் போட்டுக் காய்ச்சிறதுதானே" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. யூரியூப்பில் பார்த்து அரிசி மாவில் செய்தபோது மீன் கஞ்சி மாதிரி வந்ததாம். இதன் பெயர் என்ன, அம்மம்மாவின் கைப்பக்குவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

பெயரில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஒடியற்கூழ். நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களே போதும். கைப்பு ஒடியல் மாவினுடையது, அதாவது காயவைத்து இடித்த பனங்கிழங்கு மாவினுடையது. மாப்பிடிப்பான கொட்டை பலாக்கொட்டை. மடித்த ஓலைக்குப் பிளா என்று பெயர். கள்ளும் கூழும் அதில்தான் குடிப்பார்கள். வேறு எந்தச் சமையலிலும் இந்த மூன்றும் ஒன்றாகச் சேராது.

தேடும்போது வேறு பெயர்கள் குறுக்கே வரும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். வெறுமனே "கூழ்" என்று தேடினால் ஆடிக்கூழ்தான் நிறைய வரும். அது ஆடிப்பிறப்புக்கு அரிசி மா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் போட்டுக் காய்ச்சும் இனிப்புக் கூழ். தமிழ்நாட்டுச் செய்முறைகளில் வரும் கேழ்வரகுக் கூழில் மீன் உள்ளே போடுவதில்லை, கருவாட்டுக் குழம்பைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவார்கள். மீன் சொதியில் தேங்காய்ப்பால் இருக்கும். ஒடியற்கூழுக்குப் பால் விடுவதில்லை. ஆகவே பால் விடச் சொல்கிற எந்தச் செய்முறையையும் நீங்கள் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

அரிசி மாவில் செய்தது பிழைத்ததற்குக் காரணம் உங்கள் கையல்ல, மாதான். இந்தக் கூழின் முக்கால் பங்கு மாவில் இருக்கிறது. அதனால் மாவிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். விதைகளைப் பாத்தி கட்டி அடுக்கிவிட்டால் மாரி மழையில் முளைத்து மண்ணுக்குள் கிழங்கு இறங்கும். தை, மாசி அளவில் கிண்டி எடுத்து, பச்சைக் கிழங்கை இரண்டாகக் கிழித்து வெயிலில் காயப்போடுவார்கள். பங்குனி வெயிலில் முறுகக் காய்ந்தால் அது ஒடியல். அதை இடித்து அரித்தெடுப்பது ஒடியல் மா. கிழங்கை அவித்துவிட்டுக் காயவைத்தால் புழுக்கொடியல். அதைச் சும்மா கடித்துச் சாப்பிடலாம், இடித்துத் தேங்காயும் சீனியும் கலந்தும் தின்னலாம். ஆனால் புழுக்கொடியல் மா கூழுக்கு உதவாது. ஏற்கெனவே ஒருமுறை வெந்த மா என்பதால் பச்சை மா போலக் கூழைத் தடிக்கவைக்காது. கடையில் இரண்டு பைக்கற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயரை நன்றாக வாசித்து வாங்குங்கள்.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது. அதன் கற்பகம் விற்பனை நிலையங்களில் ஒடியல் மா கிடைக்கும், ஊருக்குப் போய்வருகிற யாரிடமாவது சொல்லிவிடலாம். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் எங்கும் எங்கள் ஆட்களின் கடைகளில் பைக்கற்றில் வரும். பைக்கற்றைத் திறந்தவுடன் மணந்து பாருங்கள். காய்ந்த மண்ணும் கிழங்கும் கலந்த மணம் வந்தால் நல்ல மா. எண்ணெய் சிக்குப் பிடித்த மாதிரியோ பூஞ்சணம் மாதிரியோ மணந்தால், எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது, எறிந்துவிடுங்கள். இயலுமானால் ஊரில் வீட்டிலேயே இடித்த மா எடுப்பியுங்கள். கடை மா மிகவும் நைசாக இருக்கும், வீட்டு மாவில் கொஞ்சம் தும்பு நிற்கும். அந்தத் தும்பு தொண்டையில் லேசாக உரசுவதும் நீங்கள் தேடுகிற ருசியில் ஒரு பங்கு.

அடுத்தது கழுவுவது. அம்மம்மாவின் கைப்பக்குவம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒடியல் மாவைக் கழுவாமல் போடக்கூடாது, கைப்பு வாயில் வைக்க விடாது. ஒரு அகலமான சட்டியில் மாவைப் போட்டு, மா முழுகி மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கிற அளவுக்கு ஊற்றிக் கையால் கரைத்துவிடுங்கள். தும்பு மேலே மிதக்கும், அதில் பெரியதை அள்ளி எறியுங்கள். சட்டியை ஆட்டாமல் விட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் மா அடியில் போய்ச் சேறு மாதிரி இறுகிவிடும். மேலே நிற்கிற தண்ணீர் மங்கலான மஞ்சளாக, மழை பெய்து ஓய்ந்த நிலத்தின் மணத்தோடு இருக்கும். சட்டியை மெதுவாகச் சரித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி கரையுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் தெளிந்துகொண்டு வரும். இரவு ஊறவைத்துக் காலையில் இன்னொரு தரம் மாற்றுகிற வீடுகளும் உண்டு.

எத்தனை தரம் மாற்றுவது என்பதற்கு ஊரில் ஒரே கணக்கு இல்லை. சில வீடுகளில் கைப்பே தெரியாத அளவுக்குக் கழுவுவார்கள். வேறு சிலருக்குக் கைப்புக் கொஞ்சமும் இல்லாவிட்டால் அது கூழே இல்லை. உங்களுக்குச் சிறு வயதிலேயே கைப்பு நாக்கில் நின்று ஞாபகமாகப் பதிந்திருக்கிறது என்றால், உங்கள் அம்மம்மா இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். புத்தகத்தில் நாலு தரம் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் இரண்டில் நிறுத்திப் பாருங்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மாவை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றை இரண்டு தரமும் மற்றதை நாலு தரமும் கழுவுங்கள். மீனும் காயும் வெந்த அதே சாற்றை இரண்டு சின்னச் சட்டிகளில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாவை விட்டுக் காய்ச்சிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். முழுப் பானையையும் திரும்பத் திரும்பக் காய்ச்சி மனம் சலிப்பதைவிட இது மேல். எது அம்மம்மாவின் கூழுக்குக் கிட்ட நிற்கிறது என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இனி மீன். "ஒடியற்கூழுக்கு என்ன மீன்?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் "எல்லா மீனும்" என்பார்கள், அது உண்மையும்தான். ஆனால் உங்கள் அம்மம்மாவின் பானைக்குள் உலகத்து மீன் எல்லாம் விழுந்திருக்காது, அவருடைய கரையில் அன்றைக்குப் பட்ட மீன்தான் விழுந்திருக்கும். அது எந்தக் கரை, எந்த மாதம் என்று பிடித்துவிட்டால் மீனின் பெயர் தானாக வந்துவிடும். வடமராட்சிக் கரை ஆழக்கடலைப் பார்த்தது. அங்கே நான் கண்ட கூழ்களில் பாரை, விளைமீன், கலவாய்த் தலை என்று சதைப்பிடிப்பான மீன்கள் இருக்கும். தீவுப்பகுதியைச் சுற்றியிருப்பது ஆழம் குறைந்த கடல், கடலடியில் சாட்டாமாறு என்ற கடற்புல்லும் பாசியும் படர்ந்த இடங்கள் நிறைய. அங்கே கூழ் என்றால் நண்டும் இறாலும் முன்னுக்கு நிற்கும், கூடவே ஓரா, ஒட்டி மாதிரிப் பாசி மேய்கிற மீன்கள். குருநகர், பாசையூர்ச் சந்தைகளில் கூழுக்கு என்று கேட்டால், தனி மீனாக நிறுக்காமல் பலதும் கலந்த ஒரு கூறாகத் தந்துவிடுவார்கள். அந்தக் கலவைதான் கூழின் சாறு. ஒரே ஒரு விலைகூடிய மீனைப் போட்டுக் காய்ச்சினால் அந்தச் சாறு இறங்காது. கனடாவில் நிறையப் பேர் அறக்குளாத் துண்டு மட்டும் போட்டுச் செய்துவிட்டு ஊர் ருசி இல்லை என்கிறார்கள். அறக்குளா பொரிக்கவும் குழம்புக்கும் அருமையான மீன்தான். ஆனால் கூழுக்குத் தலையும் முள்ளும் பசையும் உள்ள சின்ன மீன்கள்தான் வேண்டும்.

மாதமும் முக்கியம். வாடைக்காற்றுக் காலமா, சோளகம் வீசுகிற காலமா என்பதைப் பொறுத்துப் படுகிற மீனும் மாறும், தோட்டத்தில் கிடைக்கிற காயும் மாறும். பலாக்கொட்டை இருந்தது என்று சொல்கிறீர்கள், ஆகவே பலாப்பழம் வந்த பருவத்தில், அல்லது பழத்துக் கொட்டையை மண்ணில் புதைத்துப் பத்திரப்படுத்தி வைத்த வீட்டில் காய்ச்சியிருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுதலையா, பட்டம் விட்ட காலமா, முற்றம் ஈரமாக இருந்ததா, மாமாமார் வேலையில்லாமல் வீட்டில் நின்ற நாளா என்று யோசியுங்கள். பட்டம் விட்ட காலம் என்றால் அது மார்கழி, தையை ஒட்டிய காலம், வாடைக்காற்று. அந்த ஒரு விவரத்தைக் கொண்டே பெரியம்மாவிடம் "அந்த நாளையில கடலில என்ன மீன் படும்?" என்று கேட்கலாம்.

பெரியம்மாவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அவர்தான். "எப்படிச் செய்தது?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். கையால் செய்து பழகியவர்களுக்கு அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வராது. பொருளைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பானை? மண்பானையா, அலுமினியமா? இப்போது எங்களிடம் இருக்கிற எந்தச் சட்டியளவு இருக்கும்? மிளகாய் அம்மியில் அரைத்ததா, உரலில் இடித்ததா? மீன் வெட்டியது யார்? மீன் தலை யாருக்குப் போகும்? கூழோடு கடிக்க என்ன வைத்தார்கள்? அநேகமாகத் தேங்காய்ச் சொட்டு (சின்னத் தேங்காய்த் துண்டு) என்பார், அதைச் சொல்லும்போது வேறு நாலு விஷயமும் கூட வரும். பானையின் அளவு தெரிந்தால் தண்ணீரின் அளவு தெரியும். தலை யாருக்கு என்று கேட்டால் எவ்வளவு பெரிய மீன் என்பது தெரியும்.

இன்னொரு வழி, நான் வயது போன பலரிடம் சமையல் கேட்டு எழுதியதில் கண்டது. தெரிந்துகொண்டே பிழையாகச் சொல்லுங்கள். "பெரியம்மா, கூழுக்குப் பால் முதலிலயே விடுறதோ, இறக்கேக்க விடுறதோ?" என்று கேளுங்கள். "கூழுக்கு ஆரடா பால் விடுறது! பழப்புளி கரைச்சு மாவோட சேத்து விடோணும்" என்று ஒரே மூச்சில் வரும். அடுத்த தரம் "கறித்தூள் எத்தனை கரண்டி?" என்று கேளுங்கள். "தூள் போட்டா அது குழம்பு. செத்தல் மிளகாயை ஊறவச்சு அரைக்கோணும்" என்று மிளகாயின் கதை முழுவதும் வரும். பிழையைத் திருத்தும்போது அவர்களுக்கு ஞாபகம் ஓடிவருகிற மாதிரி நேரே கேட்டால் வருவதில்லை. இயலுமானால் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்து, அடுப்புக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமையுங்கள். நீங்கள் புளியை முதலில் விடப் போவதைக் கண்டால் அவர் பேசாமல் இருக்க மாட்டார். அழைப்பைப் பதிவு செய்யுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அளவு கேட்டால் சுண்டு, கொத்து, இறாத்தல் என்றுதான் சொல்வார். ஒரு இறாத்தல் என்பது கிட்டத்தட்ட 454 கிராம். நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டு இல்லாத வீட்டில் பால்பேணிதான் அளவு. புளியைத் "தேசிக்காயளவு" என்பார்கள், 30 கிராமுக்குக் கொஞ்சம் கூடக்குறைய வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள்: இது 1990க்கு முந்திய கூழா, பிந்தியதா? இடப்பெயர்வுக்குப் பிறகு, பொருளாதாரத் தடையும் கடலுக்குப் போகக் கட்டுப்பாடும் இருந்த காலத்தில், கூழுக்குள் போனது வேறு. நண்டில்லாமல் கருவாடு போட்டும், மரவள்ளிக் கிழங்கைக் கூட்டியும் காய்ச்சிய வீடுகள் இருந்தன. அந்தக் கூழும் நல்ல கூழ்தான், பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது. ஆனால் சிறு வயது ஞாபகத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். உங்கள் அம்மா பிறகு கொழும்பிலோ கனடாவிலோ காய்ச்சித் தந்திருந்தால் அதுவும் அதற்குள் சேர்ந்திருக்கும். நண்டுக்காலும் பிளாவும் முற்றமும் ஒரு நாளைச் சேர்ந்தவை என்று உறுதியானால் அந்த நாளை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

எழுத்தில் தேட விரும்பினால், 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் ஏராளமாக இருக்கின்றன, இலவசமாகவே வாசிக்கலாம். சமையல் புத்தகங்களோடு நின்றுவிடாமல் உங்கள் ஊரின் பெயர் போட்டு, கோயில் மலர், பாடசாலை மலர், ஊர்ச்சங்க மலர் என்று பாருங்கள். ஊர்ச் சாப்பாடு பற்றிய பழைய ஞாபகங்களை யாராவது ஒருவர் எழுதியிருப்பார். ஒடியற்கூழ், ஒடியல் கூழ், ஒடியல்க்கூழ் என்று மூன்று விதமாகவும் எழுதுவார்கள், மூன்றையும் போட்டுத் தேடுங்கள். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களின் குளிர்கால ஒன்றுகூடல்களில் கூழ் காய்ச்சுவதும் உண்டு. அங்கே போனால் பானைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் நேரே பேசலாம். அச்சில் வந்த செய்முறைகளை நான் எலும்புக்கூடாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அவற்றில் பலதும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, கரைக்குக் கரை இருக்கிற வித்தியாசம் அதில் வராது.

இனி நீங்கள் தொடங்குவதற்கு ஒரு அடிப்படைச் செய்முறை தருகிறேன். இது எங்கள் பக்கத்தில் எட்டுப் பேருக்குக் காய்ச்சுகிற அளவு. பெரியம்மா சொல்லச் சொல்ல இதைத் திருத்திக்கொண்டு போங்கள்.

ஒடியல் மா 250 கிராம், மேலே சொன்ன மாதிரிக் கழுவி எடுத்தது. தண்ணீர் மூன்றரை முதல் நாலு லீற்றர். நண்டு அரைக் கிலோ, சின்ன நண்டாக இருந்தால் நல்லது, இரண்டாக உடைத்து, கால்களைத் தட்டிவிடுங்கள். கலந்த மீன் முக்கால் கிலோ, தலையோடு. இறால் கால் கிலோ. கணவாய் கிடைத்தால் கொஞ்சம். பலாக்கொட்டை இருபது போல, மேல்தோல் நீக்கி இரண்டாகப் பிளந்தது. மரவள்ளிக் கிழங்கு கால் கிலோ, சின்னத் துண்டுகளாக. பயிற்றங்காய் ஒரு பிடி, விரல் நீளத்துக்கு முறித்தது. பச்சையரிசி ஒரு கைப்பிடி. செத்தல் மிளகாய் 15, தேசிக்காய் இரண்டளவு பழப்புளி, உள்ளி ஏழெட்டுப் பல்லு, ஒரு தேக்கரண்டி மிளகு, கொஞ்சம் மஞ்சள், ஒரு பிடி முருங்கையிலை, உப்பு.

செத்தல் மிளகாயை வறுக்க வேண்டாம். சுடுதண்ணீரில் ஊறவைத்து, மிளகு, உள்ளி, மஞ்சளோடு பசையாக அரையுங்கள். வறுத்தால் நிறம் கறுத்துக் குழம்பு மணம் வந்துவிடும். நீங்கள் சொன்ன செம்மண் நிறம் பச்சையாக அரைத்த மிளகாயில்தான் வரும். இஞ்சி போட வேண்டாம். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்பது ஊரில் எல்லா வீட்டிலும் சொல்வது. நான் பார்த்த எந்தக் கூழிலும் இஞ்சி இருந்ததில்லை.

தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி மூன்றையும் போடுங்கள். மரவள்ளி அவியும்போது பானையை மூட வேண்டாம், அதிலுள்ள நஞ்சு ஆவியோடு போய்விட வேண்டும். கொட்டை முக்கால் பதம் வெந்ததும் பயிற்றங்காய், மீன் தலைகள், நண்டு, அரைத்த மிளகாய், உப்பு. பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும், நண்டின் மணம் வீட்டை நிறைக்கும். அதற்குப் பிறகு மீன் துண்டும் இறாலும் கணவாயும். மீன் உடைந்தால் கவலைப்பட வேண்டாம், உடைந்து சாற்றில் கலப்பதுதான் வேண்டியது. ஓரா போடுவதென்றால் வெட்டும்போது முள்ளைக் கவனியுங்கள், குத்தினால் நெடுநேரம் கடுக்கும். சின்னப் பிள்ளைகள் குடிப்பார்கள் என்றால் முள் நிறைந்த மீனைத் துணியில் தளர்வாக முடிந்து சாற்றில் அவித்து எடுத்துவிடலாம், சாறு இறங்கிவிடும், முள் வெளியே வந்துவிடும்.

புளி கடைசியில்தான். முதலிலேயே விட்டால் பலாக்கொட்டையும் கிழங்கும் வேகாமல் விறைத்து நிற்கும். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரைக் கழுவிய மாவோடு சேர்த்து, கட்டியில்லாமல், ஊற்றுகிற பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைக் குறைத்து, ஒரு கையால் மாக்கரைசலை ஊற்றிக்கொண்டே மற்றக் கையால் அகப்பையை அடியோடு விட்டுத் துழாவுங்கள். இந்தப் பத்து நிமிடமும் பானையை விட்டுப் போகக் கூடாது, அடிப்பிடித்த கூழைத் திருத்த முடியாது. முதலில் சாறு சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளிறிப்போகும். துழாவத் துழாவ அந்த வெளிறல் மறைந்து, மினுக்கமும் நிறமும் திரும்பி வரும், குமிழிகள் கனத்துப் "பொளக் பொளக்" என்று உடையும். அப்போது மா வெந்துவிட்டது. முருங்கையிலையைத் தூவி இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். உங்களுக்கு வேண்டிய தடிப்புக்குக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்க வேண்டும், ஆற ஆற இறுகும்.

தேங்காயைச் சின்னச் சொட்டுகளாகக் கீறி ஒரு தட்டில் வையுங்கள். ஒரு வாய் கூழ், ஒரு கடி சொட்டு. உறைப்பைத் தாங்க அது வேண்டும். பிளாவுக்குக் கனடாவில் வழியில்லை, ஒரு கிண்ணம் போதும். கோடையில் பின்வளவில் விறகு மூட்டிக் காய்ச்ச முடிந்தால் ஒருமுறை செய்து பாருங்கள், புகை மணம் கூழில் ஏறுகிறது, அது காஸ் அடுப்பில் வராது.

உறைப்பில் மட்டும் ஞாபகத்தை முழுக்க நம்ப வேண்டாம். சிறு பிள்ளையின் நாக்குக்கு உறைப்புக் கூடுதலாகத் தெரியும். மேலே சொன்ன 15ஐயும் ஒரேயடியாகப் போடாமல் 12 மிளகாயில் தொடங்கி, போதாவிட்டால் கூட்டுங்கள்.

கனடாவில் உறைந்த நண்டு வாங்கும்போது சுத்தம் செய்து துண்டாக்கியதை விட்டுவிட்டு முழு நண்டாக எடுங்கள். ஓட்டுக்குள் இருக்கிற மஞ்சள் சாறு கூழுக்குள் போக வேண்டும், துண்டாக்கியதில் அதைக் கழுவி எறிந்திருப்பார்கள். பயிற்றங்காயும் மரவள்ளியும் சீனக் கடைகளில் புதிதாகவே கிடைக்கும், பலாக்கொட்டையும் முருங்கையிலையும் எங்கள் கடைகளில் உறைபெட்டியில் இருக்கும். மிஞ்சிய கூழை ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். இறுகியிருக்கும், கொதிதண்ணீர் விட்டு இளக்கிச் சூடாக்கலாம், உப்பும் புளியும் திரும்பப் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாகப் பெரியம்மாவுக்கு அழைப்பெடுத்து மீனின் பெயர்களை மட்டும் கேளுங்கள், செய்முறையைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்க வேண்டாம். அவர் சொல்கிற பெயர்களை ஊரில் சொல்கிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். அந்த மீன்களுக்கு ரொறொன்ரோச் சந்தையில் எது சரிவரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.